பாலமா, குழாயா?

"அக்கா, ஊட்டுல கீறியா?"

கூடப்பிறந்த தம்பி, வாடகை கேட்க வந்தவன் போல வாசலிலேயே நின்றுகொண்டு குரல் கொடுத்தான். முன்பெல்லாம் எத்திராஜ் அப்படியா வருவான்? நேராக அடுப்பங்கரைக்குள் நுழைந்து, மூடியிருக்கிற சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பான்.

நாகவல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"உள்ள வாடா. இன்னாத்துக்கு அங்கயே நிக்கிற?"

"வேணாம். உன் ஊட்டுக்காரர் கீறாரு. ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கினு போய்டறேன். இன்னிக்கிக் கூட்டத்துல உன் கை பாலத்துக்குத் தூக்குமா, குழாய்க்குத் தூக்குமா?"

ஆடி பிறந்ததிலிருந்து கழனிமேட்டுப் பேரூராட்சியில் இந்த ஒரு கேள்விதான். டீக்கடையில் இதே பேச்சு, ரயிலுக்குக் காத்திருக்கிற பிளாட்பாரத்தில் இதே பேச்சு. கேள்வி ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் நாகவல்லியின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஓடுகிற ஓடைக்கு அந்தப் பக்கம் கலங்கல் காலனி. நாகவல்லி பிறந்த இடம். நேற்று வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், இன்று அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மூட்டை தூக்கவும் மெஷின் துடைக்கவும் போகிறார்கள். அந்த வார்டுக்கு எத்திராஜ் உறுப்பினர். ஓடைக்கு இந்தப் பக்கம் பஜனைக்கோயில் தெரு. அவள் வாழ்க்கைப்பட்ட இடம். அந்த வார்டுக்கு அவள் புருஷன் துலுக்கானம் உறுப்பினர்.

சட்டப்படி மன்றத்தில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். தேர்தலில் எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. தலைவர் சண்முகசுந்தரம் யோசித்து, நாகவல்லியையே நியமித்துக்கொண்டார். புருஷனும் உறுப்பினர், தம்பியும் உறுப்பினர். யாராவது ஒருவர் கண் காட்டினால் கையைத் தூக்கிவிட்டு, கொடுக்கிற கலர் சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்பது அவர் நினைப்பு.

இரண்டு வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, வாயத் தொறக்க மாட்டேன்ற?" என்றான் எத்திராஜ். "கன்னிம்மாவுக்கு இது ஆறாம் மாசம். ஐப்பசிலயோ கார்த்திகையிலயோ பொறக்கும். அப்போ ஓடையில தண்ணி எப்டி ஓடும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம்தான். போன மழையில் வலி எடுத்த தம்பி மனைவி கன்னியம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து, கரையிலேயே நின்றார்கள். இடுப்பளவுத் தண்ணீர் இழுத்த இழுப்பில் யாராலும் காலை ஊன்ற முடியவில்லை. கொட்டுகிற மழையில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு நடுவில் பிறந்த குழந்தை அழவே இல்லை. இக்கரையில் நாகவல்லி நின்றிருந்தாள். அவளால் கத்த மட்டுந்தான் முடிந்தது.

"யாரு அது, காலங்காத்தால?" என்றபடி துலுக்கானம் தோளில் துண்டோடு பின்கட்டிலிருந்து வந்தான். வாசலில் மைத்துனனைப் பார்த்ததும் பேச்சை மனைவியிடம் திருப்பிக்கொண்டான். "இன்னாமே, பாலத்துக்குப் பேரம் பேச வந்துக்கீறாங்களா? உன் பொண்ணு கையக் காட்டி அனுப்பு."

காட்டுவதற்கு அவசியமே இருக்கவில்லை. ரயில்வே கேட் பக்கத்துக் குழாயிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் லோகநாயகி உள்ளே வந்தாள். பன்னிரண்டு வயசுப் பெண். முழங்கை வரைக்கும் சொறிபிடித்துத் தோல் உரிந்து கிடந்தது. முலாம் பூசுகிற பட்டறை ஒன்று தெருக்கோடியில் வந்த நாளிலிருந்து கிணற்றுத் தண்ணீரில் பச்சை நிறம் ஏறிக்கொண்டிருந்தது. துணி துவைத்தால் துணி இற்றது. குளித்த குழந்தைகளுக்குக் கை காலெல்லாம் புண்.

"நான் ஒண்ணும் உங்க குழாயக் கெடுக்க வரல," என்றான் எத்திராஜ், அக்காவைப் பார்த்தபடியே.

"ஓடையத் தாண்டிப் போயி வாழச் சொன்னது யாரு?" என்றான் துலுக்கானம்.

இதே வார்த்தையைத்தான் அவன் பங்குனி மாதக் கூட்டத்திலும் சொன்னான். அன்றோடு மாமனும் மைத்துனனும் பேச்சை நிறுத்தினார்கள். இப்போது அதை மறுபடியும் கேட்ட எத்திராஜின் முகம் கறுத்துப்போயிற்று. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

"அந்தப் பேச்சப் பேசாதேன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்?" என்று நாகவல்லி சீறினாள். "செத்தது என் தம்பி புள்ள."

"ஒடம்பெல்லாம் புண்ணாக்கீறது உன் புள்ள," என்றான் துலுக்கானம். "இன்னிக்கி நீ குழாய்க்குக் கை தூக்குற. அவ்ளோதான்."

---

மன்றக் கூட்டத்தில் தலைவர் மேசைக்கு இருபக்கமும் உறுப்பினர்களுக்கு நாற்காலி. நாகவல்லிக்குக் கதவோரமாக ஒரு ஸ்டூல்.

நிர்வாக அதிகாரி ரகுநாதன் எழுந்து வாசிக்க ஆரம்பித்தார். இந்த வருஷத்துக்குச் சர்க்கார் மானியத்தோடு சேர்த்து வேலைகளுக்காகக் கையில் இருப்பது நாற்பதாயிரம் ரூபாய் என்றார். அதற்கப்புறம் அவர் குரல் வேகம் பிடித்தது. "பொருள் ஒன்று, அலுவலகத்துக்கு மாடி எழுப்புதல் மற்றும் நெடுஞ்சாலைச் சந்திப்பில் வரவேற்பு வளைவு அமைத்தல் ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கீடு, மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது..."

"சரி, சரி," என்றார்கள் இரண்டு மூன்று பேர், டீ சொல்லலாமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல.

"ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது," என்றார் தலைவர். "பொருள் ரெண்டுக்கு வாங்க. அதுலதான் எல்லாரும் கத்தப்போறீங்க."

சிரித்தார்கள்.

ஓடைப் பாலத்துக்குப் பதினெட்டாயிரம் ஆகும், பஜனைக்கோயில் தெருவுக்குக் குழாய் போடவும் பதினெட்டாயிரம் ஆகும் என்று ரகுநாதன் வாசித்தார். இருக்கிற நிதியில் ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், மற்றது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

நாகவல்லி வாய்க்குள்ளேயே கூட்டிப் பார்த்தாள். சந்தேகமாக இருந்தது. இன்னொரு தடவை கூட்டினாள். தப்பில்லை.

"தலைவரே," என்றாள்.

அவள் குரல் அந்த அறையில் கேட்பது அதுதான் முதல் தடவை. எழுதிக்கொண்டிருந்த ரகுநாதன் நிமிர்ந்தார்.

"ரெண்டும் சேந்தா முப்பத்தாறாயிரந்தானே? நாப்பது கீதுன்னு இப்பத்தானே சொன்னாரு. ரெண்டையுமே செஞ்சிட்டா இன்னா?"

"அது எப்படிம்மா?" என்று தலைவர் சிரித்தார். "பாதிக்கு மேல மாடிக்கும் வளைவுக்கும் போயிடுச்சே. நீங்களும் இங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"அது இன்னான்னு எனக்குப் புரியற மாதிரி படிக்கவே இல்லியே. எதுக்கு வளைவு?"

"தை மாசம் மந்திரி வந்து மாடியத் திறந்து வைக்கப்போறார். வளைவுங்கறது ஊருக்கு மூஞ்சி மாதிரிம்மா. இப்படி ஒரு ஊர் இருக்கிறதே ஆவடி, பூந்தமல்லிக்காரனுக்குத் தெரியல. எங்க அப்பா காலத்திலேர்ந்து நாங்க இந்த ஊருக்குச் செஞ்சிருக்கோம், அவர் பேரைத்தான் வைக்கணும்னு உறுப்பினர்களே ஆசைப்படறாங்க."

"மூஞ்சி கழுவத் தண்ணி இல்லாத ஊருக்கு மூஞ்சி எதுக்குத் தலைவரே?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, தலைவர் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

நாகவல்லி ஸ்டூலை விட்டு எழுந்தாள். எழுந்த பிறகு இனி உட்கார முடியாது. "வளைவும் வேணாம், மாடியும் வேணாம். இருக்கிற பணத்துல பாலமும் போடணும், குழாயும் போடணும். இதான் நான் சொல்றது. எழுதிக்கங்க சார்."

ரகுநாதன் தலைவரைப் பார்த்தார். பிறகு, தனக்கொன்றும் சம்பந்தமில்லை என்கிற குரலில், "ஒரு உறுப்பினர் சொல்றதை இன்னொருத்தர் வழிமொழிஞ்சாத்தான் எடுத்துக்கலாம். யாராவது வழிமொழியறீங்களா?" என்று கேட்டார்.

நாகவல்லி புருஷனைப் பார்த்தாள். குழாய்க்காக அடித்துக்கொள்ளக்கூடத் தயாராக வந்தவன்தானே? துலுக்கானம் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

தம்பியைப் பார்த்தாள். எத்திராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுத ஒன்றும் இல்லாமல் ரகுநாதன் பேனாவைக் கீழே வைத்தார்.

"வழிமொழிய ஆளில்ல. விட்டுட்டு ஓட்டுக்கு வாங்க," என்றார் தலைவர்.

பாலத்துக்கு நாலு கை. குழாய்க்கு நாலு கை. எல்லாத் தலைகளும் கதவோரம் திரும்பின.

"நாகவல்லியம்மா, நீங்க?"

ஒரு கையில் கன்னியம்மாவின் வயிறு, இன்னொரு கையில் லோகநாயகியின் சொறி. இரண்டையும் தராசில் வைத்துக் கொடுத்துவிட்டு, தங்கள் பங்கை முன்னாலேயே எடுத்து மூட்டை கட்டிக்கொண்டவர்கள் எதிரே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது.

"ரெண்டும் வேணும். ஒண்ணத் தள்ளிட்டு இன்னொண்ணுக்கு நான் கை தூக்க மாட்டேன்."

தலைவர் முகத்தில் ஒரு திருப்தி ஓடி மறைந்தது. சமமாக நின்றதைத் தன் ஓட்டால் முடித்துவைக்க அவர் முனையவில்லை. "எழுதிக்குங்க ரகுநாதன். பெண் உறுப்பினர் ஒத்துழைக்காததால், பாலமும் குழாயும் ரெண்டுமே அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கூட்டம் முடிஞ்சுது."

"நானா ஒத்துழைக்கல? நானா?" என்று அவள் கேட்டது நாற்காலிகள் இழுபடுகிற சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

---

அலுவலக வாசலிலேயே துலுக்கானம் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "கெட்டுச்சா? வர்ற குழாயக் கெடுத்துட்டியே! இன்னிக்கிக் கை தூக்கியிருந்தா கார்த்திகைக்குள்ள தண்ணி வந்துருக்கும்."

"நீ ஏன் வாயத் தொறக்கல? வழிமொழியறேன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அறுந்துடுமா?"

"உனக்கு இன்னா தெரியும்? மாடியப் பத்தியும் வளைவப் பத்தியும் பேசாம இருந்தா குழாய் உனக்குத்தான்னு தலைவர் எங்கிட்ட நேராவே சொல்லிக்கீறாரு."

நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்த எத்திராஜ் சட்டென்று திரும்பினான். "இன்னாது? எங்கிட்டயும் அதத்தான் சொன்னாரு. வளைவப் பத்தி வாயத் தொறக்காதே, பாலம் உனக்குத்தான்னு."

மாமனும் மைத்துனனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு மாதத்துக்கப்புறம் முதல் தடவையாக.

"கேட்டுக்கினீங்களா?" என்றாள் நாகவல்லி. "ஒரே எலும்பக் காட்டி ரெண்டு பேரையும் வாலாட்ட வெச்சிக்கீறான். நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து குரைக்கிறீங்க. உள்ள போங்க. போய் இப்பவே கேளுங்க."

இருவரும் அசையவில்லை. எத்திராஜ் தலையைச் சொறிந்தான். "இப்போ போயி பகைச்சிக்கினா அடுத்த வருஷமும் கெடைக்காதுக்கா," என்றான். துலுக்கானமும் தலையாட்டினான்.

அவள் தனியாகவே நடந்தாள். தெருவுக்குப் போக மனம் வராமல் நெடுஞ்சாலைப் பக்கம் சுற்றிக்கொண்டு போனாள். சந்திப்பை நெருங்கியதும் நின்றுவிட்டாள்.

சாலையின் இருபுறமும் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தது. பக்கத்தில் புதுச் செங்கல் அடுக்கடுக்காக. ஒரு கொத்தனார் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே வேலை இது?"

"வளைவு கட்றாங்கம்மா. தலைவர் ஐயா வேலை."

"எப்போ வெட்னீங்க?"

"அது ஆச்சும்மா, போன வாரம்."

ஏகமனதாக நிறைவேற்றியது இன்றைக்குக் காலையில். பள்ளம் வெட்டியது போன வாரம். அப்படியானால் அந்த அறையில் நடந்ததெல்லாம் என்ன? அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, கூடப்பிறந்தவனோடும் கட்டினவனோடும் மோதவிட்டு வேடிக்கை பார்த்தார்களா? நாகவல்லி அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி வெயிலில் வெகுநேரம் நின்றாள்.

---

அவள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. பஜனைக்கோயில் தெருவில் "குழாயக் கெடுத்தவ" என்றார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்த ஞானம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தினம் அவளோடு கூடப் போய்த் தண்ணீர் பிடிக்கிறவள்.

சாயங்காலம் கன்னியம்மா வந்தாள். நேற்றுப் பெய்த மழையில் ஓடையில் முழங்காலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. புடவையின் கீழ்ப்பாதி நனைந்து, சேறு ஒட்டிய காலோடு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"இந்த நெலமையில தண்ணியில எறங்கி வந்தியா? உனக்குப் புத்தி கீதா?" என்று நாகவல்லி பதறி ஓடினாள்.

"வுடு அண்ணி. காலனில ஆளுக்கொண்ணு பேசுது. உன் தம்பி மூஞ்சிய மறைச்சிக்கினு படுத்துக்கீறாரு. பாலத்த நீதான் தடுத்தியாமே? நீ அப்டி செய்ய மாட்டே. இன்னா நடந்துதுன்னு உன் வாயாலே சொல்லு."

நாகவல்லி சொன்னாள். மாடி, வளைவு, இரண்டு பேருக்கும் சொன்ன ஒரே வார்த்தை, போன வாரம் வெட்டிய பள்ளம், எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, தான் செய்தது சரிதானா என்கிற சந்தேகமும் கூடவே வந்தது. "நான் மட்டும் பாலத்துக்குக் கை தூக்கியிருந்தா உனக்காவது..." என்று இழுத்தாள்.

"தூக்கியிருந்தா இந்தத் தெருவே எங்க மேல மண்ண வாரித் தூத்தியிருக்கும். அதுதானே அந்தாளுக்கு வேணும்?" கன்னியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "என் புள்ளையப் பொதைச்ச எடத்துல ஒரு கல்லுகூட இல்ல அண்ணி. அந்தாளு அப்பன் பேருக்கு எத்தினி கல்லு அடுக்கிக்கீறாங்கோ? வா, நான் பாக்கணும்."

இருவரும் நடந்தார்கள். நாகவல்லி யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் சேறு படிந்த காலோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி தெரு நடுவில் நடந்து போனால் கேட்காமல் யார் இருப்பார்கள்? "இன்னா, எங்க போறீங்க?" என்று கேட்டவர்களுக்குக் கன்னியம்மா நின்று நின்று பதில் சொன்னாள். முதலில் புஷ்பா என்கிற இளம்பெண் கைக்குழந்தையோடு பின்னால் வந்தாள். அப்புறம் ஞானம்மாள். குடத்தை வாசலில் வைத்துவிட்டு அவளும் கூடவே நடந்தாள்.

சந்திப்பில் கொத்தனார் அப்போதுதான் கலவை போட ஆரம்பித்திருந்தார். கன்னியம்மா நேராகப் போய், பள்ளத்தின் விளிம்பில் அடுக்கியிருந்த செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். நாகவல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் இன்னொரு பள்ளத்தைச் சுற்றிக் குந்தினார்கள்.

"எழுந்திரிங்கம்மா, எனக்கு வேலை ஆகணும்," என்றார் கொத்தனார்.

"உன் மேல எங்களுக்கு வருத்தம் இல்லண்ணே," என்றாள் நாகவல்லி. "பாலம் கட்டறதுக்கும் கொத்தனார் வேணும். அப்போ வா."

அவர் ஒரு கணம் யோசித்தார். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு இன்னொரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

தலைவருக்கு யாரோ தகவல் சொல்லிவிட்டிருக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் ரயில்வே கேட் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வேகமாக வந்தது. நாகவல்லி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பார்த்தது நிஜந்தானா என்று மறுபடியும் பார்த்தாள்.

எத்திராஜ் மிதித்துக்கொண்டு வந்தான். பின்னால் கேரியரில், இரு பக்கமும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு துலுக்கானம்.

"எழுந்திருமே," என்றான் துலுக்கானம், இறங்குவதற்கு முன்னாலேயே. "தலைவர் ஆள் அனுப்பிக்கீறாரு. இப்பவே ஊட்டுக்கு வந்தா ஒண்ணும் இல்லியாம். இல்லன்னா நாளைக்கே உன்ன மன்றத்திலேர்ந்து எடுக்கச் சொல்லித் தீர்மானம். அதக் கொண்டார வேண்டியதும் நான்தானாம்."

"கன்னிம்மா, வா போலாம்," என்றான் எத்திராஜ். "வவுத்துப் புள்ளையோட இன்னா கூத்து இது?"

நாகவல்லி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் வெளியே வந்தபோது அவள் குரல் உயரவே இல்லை.

"பாலம் வேணும்னு ஒருத்தன் ஒரு பக்கம் போனே. தண்ணி வேணும்னு ஒருத்தன் ஒரு பக்கம் போனே. கூடப் பொறந்தவளையும் பொண்டாட்டியையும் வாய மூடி இட்டுக்கினு போறதுக்கு மட்டும் ஒரே சைக்கிள்ல வந்துட்டீங்களா?"

பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஞானம்மாள்தான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஈரம் கொஞ்சமும் இல்லை. எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது நெடுஞ்சாலையில் ஹாரன் கேட்டது. தலைவரின் கறுப்பு அம்பாசிடர் விளக்கைப் போட்டுக்கொண்டு சந்திப்பில் திரும்பியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

வண்டி ஓரங்கட்டி நின்றது. கதவு திறந்தது.

துலுக்கானம் காரைப் பார்த்தான். செங்கல் மேல் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். மைத்துனன் கையிலிருந்த சைக்கிளை வாங்கி, சாலைக்குக் குறுக்கே, காருக்கும் பெண்களுக்கும் நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். அவளுக்காக நிறுத்தினானா, இருவரும் தலைவருக்குக் கும்பிடு போட மைத்துனன் கையையும் காலி பண்ணிவிட்டானா என்று அவன் முகத்தைப் பார்த்து நாகவல்லியால் சொல்ல முடியவில்லை.